எண்பது நிமிடம்

ஐந்து பத்துக்கு மேசை.
பதினைந்து நிமிடம் பிந்தினால் மேசை இல்லை.
வுப்பர்டாலைத் தாண்டி எங்கோ
ரயில் நிற்கிறது.
ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல்
சிக்னல் கோளாறு என்கிறது,
மன்னிக்கச் சொல்கிறது,
தொண்டையைச் செருமிக்கொண்டு
இன்னொரு தரம் மன்னிக்கச் சொல்கிறது.

இன்று கடைசி நாள்.
மூன்று வாரம் மட்டும் திறந்திருக்கும் கடை.
அந்த மூன்று வாரமும் எனக்குப் பின்னேர வேலை,
ஹாகனில், பொதிகள் ஓடும் பட்டிக்குப் பக்கத்தில்.
இன்றைக்கு மட்டும் பல்லுவலி என்று சொல்லியிருக்கிறேன்.
நாற்பத்தொரு வயதில் கார்ட்டூனுக்கு லீவா என்று
மயூரதி கேட்கமாட்டாள்.
அவளும் வருவதாகத்தான் இருந்தது.
மகனுக்குக் காய்ச்சல்.
"என்ரை பங்கையும் நீ குடி" என்று
காலையில் மெசேஜ்.

இம்மர்மன் வீதியில் ஓடினேன்,
சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தபடி,
நூடுல்ஸ் கடை வரிசையை இடித்துக்கொண்டு.
ஐந்து இருபத்துநாலு.
வாசலில் நின்ற பெண்
மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பேனையால் ஒரு சரி போட்டாள்.

உள்ளே
ஏழாம் பாகத்தில் செத்துப்போன படகோட்டி
ஆளுயர அட்டையில் நிற்கிறான்.
அவன் செத்த இரவு
நானும் மயூரதியும் ஃபோனை வைக்காமல்
ஒரு சொல்லும் கதைக்காமல்
இருபது நிமிடம் இருந்தோம்.
இங்கே சிரிக்கிறான்.
பக்கத்துத் தட்டில் அவனுடைய சாவிக்கொத்து, பதக்கம், கைக்குட்டை
எல்லாவற்றின் மேலும்
தீர்ந்தது, தீர்ந்தது, தீர்ந்தது.

சோற்றின் மேல்
கடற்பாசியில் வெட்டி ஒட்டிய அவன் முகம்.
சுற்றிவரக் கறி. இனிக்கிறது.
இதைக் கறி என்று எங்கள் வீட்டில் சொன்னால்
வழக்குப் போடுவார்கள்.
ஒரு முகத்தை எங்கே தொடங்கி உடைப்பது?
காதில் தொடங்கினேன்.
கண்கள் ஆறும்வரை கிடந்தன.

நீலப் பானம் பற்பசை மாதிரி.
இரண்டு கிளாஸ், சொன்ன சொல்லுக்காக.
கிளாசுக்கு ஒரு வட்ட அட்டை,
வெள்ளி உறைக்குள், எது வருமென்று தெரியாது.
முதலாவது, துறைமுகத்தைக் கொளுத்தியவன்.
இரண்டாவது,
துறைமுகத்தைக் கொளுத்தியவன்.

அப்போது வாசலில் ஒரு செருமல்.
கருநீலக் கோட்டு, இடுப்பில் டிக்கெட் பார்க்கும் கருவி,
நெஞ்சில் டெட்லெஃப் என்று பெயர்.
"ரயில் பிந்திவிட்டது" என்கிறார்,
அந்தக் குரலேதான்.
உங்கள் மேசையைக் கொடுத்துவிட்டோம் என்கிறாள் அவள்.
அவர் அட்டைப் படகோட்டியைப் பார்த்தபடி
தொப்பியைக் கழற்றினார்.
ரயிலில் நான் திட்டிய திட்டெல்லாம்
நினைவுக்கு வர
கையை உயர்த்தி
மயூரதியின் கதிரையைக் காட்டினேன்.

அவருக்கு இது ஆறாம் தரமாம்.
மெனுவைத் திறக்காமலே சொன்னார்.
உறையை நகத்தால் மெல்ல,
கடிதம் பிரிப்பவர் போல...
படகோட்டி.

என் இரண்டையும் அவர் பக்கம் தள்ளினேன்.
இரண்டுக்கு ஒன்று.
பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.
"மன்னியுங்கள்" என்றார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
இன்னொரு தரம், "மன்னியுங்கள்."
பிறகு அட்டையை
என் பக்கம் முகம் தெரியத் திருப்பி
சீனிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தார்.
ஆறரை மட்டும் அது அங்கேயே நின்றது.
நாங்கள் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை.
ஏழாம் பாகத்தைப் பற்றி
அவரும் எடுக்கவில்லை.

வெளியே வரும்போது
ஆளுயரப் படகோட்டியை நிலத்தில் கிடத்தி
குமிழித்தாளால் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
தாள் போதவில்லை.
கால் வெளியே தெரிந்தது.

திரும்புகிற ரயில் நேரத்துக்கு வந்தது.
கொளுத்தியவன் ஒருத்தன் மயூரதிக்கு.
மற்றவன் மேல் கோப்பிக் கோப்பையை வைத்தேன்,
வளையமாக ஊறிவிட்டான்.

"படகோட்டி கிடைச்சவனோ?"

வுப்பர்டால் தாண்டும்வரை யோசித்து
எழுதினேன்:
கண்டனான்.